மூளையும் அதன் மாதிரிகளும்: ஒரு திறனாய்வு

மூளையின் செயலை எளிய கணிப்பொறி மாதிரிகளைக் கொண்டு விளக்கிவிட இயலுமா என்னும் கேள்வி அறிவியலாருக்கு மட்டுமே உரியது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆயினும் இக்கேள்விக்கு நாம் ஏற்கனவே விடையளித்துவிட்டோம்; ஆராயாமலே அளித்துவிட்டோம். "மூளை என்பது கடவுள் படைத்த கணிப்பொறி" என்று நம் பிரசங்க பீடங்களிலிருந்தும், வாலிபர் கூட்டங்களிலும், விடுமுறை வேதாகமப் பள்ளிகளிலும் சொல்லப்படுவதே அவ்விடை. நானும் அவ்வாறு பிரசங்கித்தவன். இக்கட்டுரை பிறர்மீது தொடுக்கும் கண்டனமாக அன்றி, என் பழைய அருளுரை ஒன்றுக்கு நானே எழுதும் திருத்தமாக அமைகிறது.

1. கேள்வி எழுந்த வீடு

சில ஆண்டுகளுக்கு முன் கல்குளம் வட்டாரத்துச் சபையொன்றில் நான் ஆயராகப் பணியாற்றியபோது, 139ஆம் சங்கீதத்தை அடிப்படையாகக் கொண்டு அருளுரை ஆற்றினேன். மனிதன் வியத்தகு முறையில் உருவாக்கப்பட்டவன் என்பதை விளக்க முற்பட்டு, மூளையைக் கணிப்பொறி என்றேன். நினைவுகள் அதனுள் கோப்புகளாக அடுக்கப்பட்டுள்ளன என்றும், வேண்டும்போது வேண்டியதை அது எடுத்துத் தருகிறது என்றும், மனிதன் செய்த எந்தக் கணிப்பொறியும் இதற்கு ஈடாகாது என்றும் கூறினேன். ஆராதனை முடிந்தபின் பலர் பாராட்டினர்.

சில மாதங்களுக்குப் பின் அச்சபையின் மூதாட்டி ஒருவரைக் காணச் சென்றேன். இளமையில் லேஸ் பின்னி நான்கு பிள்ளைகளைப் படிக்கவைத்தவர் அவர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிஷனெரி மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் தொடங்கிவைத்த அக்கைத்தொழில் எத்தனை குடும்பங்களைத் தலைநிமிரச் செய்தது என்பதை நம் மாவட்டத்தார் அறிவர். அந்தத் தாய்க்கு மறதிநோய் முற்றியிருந்தது. வெளியூரில் கணிப்பொறித் துறையில் வேலை செய்யும் மகன் விடுப்பில் வந்திருந்தார். மகனைத் தாய் அடையாளம் காணவில்லை. நான் ஜெபித்துவிட்டு எழுந்தபோது அவர் வாசல்வரை உடன் வந்தார்.

"ஐயா, நீங்கள் அன்று பிரசங்கத்தில் சொன்னபோது நானும் ஆலயத்தில் இருந்தேன். அதுதான் நடந்திருக்கிறது. கோப்புகளெல்லாம் அழிந்துபோயின. பெட்டி மட்டும்தான் கட்டிலில் கிடக்கிறது. அம்மா எப்போதோ போய்விட்டார்கள். நீங்கள் யாருக்காக ஜெபித்தீர்கள்?" என்றார்.

அவர் ஏளனமாகப் பேசவில்லை. என் ஒப்புமையை அதன் முடிவுவரை நேர்மையாகக் கொண்டுசென்றார், அவ்வளவே. நான் மறுமொழி கூற இயலாமல் திரும்பினேன். அறையினுள் அம்மூதாட்டியின் விரல்கள் போர்வையின் ஓரத்து நூலைப் பற்றி, பின்னுவதுபோல் அசைந்துகொண்டிருந்ததை மட்டும் கண்டேன். அதன் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை.

2. உவமையும் உருவகமும்

நம் இலக்கணத்தார் உவமையையும் உருவகத்தையும் பிரித்துக் காட்டுவர். ஒரு பொருளை மற்றொன்று போன்றது என்பது உவமை. மற்றொன்றே என்பது உருவகம். உவமையில் 'போல' என்னும் உருபு இரு பொருள்களையும் இணைக்கிறது. அதே வேளையில் இரண்டையும் பிரித்தும் வைக்கிறது. நம் பேச்சுத் தமிழில் 'மாதிரி' என்னும் சொல்லும் அதே வேலையைச் செய்கிறது. ஒருவனை "அப்பா மாதிரி" என்னும்போது அவன் அப்பா அல்லன் என்பதும் அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. அறிவியலார் கையாளும் மாதிரிகளுக்கும் இச்சொல்லே வழங்குவது பொருத்தமானதே. மாதிரி என்பது எண்களால் எழுதப்பட்ட உவமை.

மூளையைப் பற்றிய உவமைகள் அந்தந்தக் காலத்துக் கருவிகளைப் பின்பற்றியே வந்துள்ளன. 17ஆம் நூற்றாண்டில் டெக்கார்ட் என்னும் மெய்யியலார், அரசத் தோட்டங்களில் நீர்க்குழாய்களின் விசையால் அசையும் பதுமைகளைக் கண்டு, நரம்புகளையும் அத்தகைய குழாய்களாகக் கருதினார். பின்னர் தந்தியும், அதன்பின் தொலைபேசி இணைப்பகமும் உவமைகளாயின. கணிப்பொறி இவ்வரிசையில் கடைசியாக வந்தது. நினைவைக் களஞ்சியமாகக் காண்பதோ இவை எல்லாவற்றிலும் பழையது. தூய அகுஸ்தீன் தம் 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பகுதியில் நினைவைப் பரந்த மாளிகையாகவும் பொருள்கள் சேர்த்துவைக்கப்பட்ட பண்டசாலையாகவும் காண்கிறார். ஆகவே என் 'கோப்புகள்' புதியவை அல்ல. பழைய பண்டசாலைக்குப் புதிய பெயரிட்டிருந்தேன்.

டெக்கார்ட்டின் மாதிரியைத் திறனாய்வு செய்தவர்களுள் ஒருவரை இறையியல் மாணவர் அறிந்திருப்பது நன்று. ஸ்டெனோ என்னும் டேனிய உடற்கூற்று அறிஞர் 1665இல் பாரிசில் மூளையைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். மனிதனின் செயல்களைச் செய்யவல்ல ஓர் எந்திரத்தையே டெக்கார்ட் வருணித்தார். அவ்வருணனையை மெய்யான மூளையின் வருணனையாகக் கொள்வது பின்வந்தோர் செய்த பிழை என்பது அவர்தம் கருத்து. எந்திரம் ஒன்றை அறிய வேண்டுமாயின் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். இவரே பின்னாளில் கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். மாதிரியை வகுத்தவரைக் காட்டிலும் அதைக் கேட்டு மகிழ்ந்தவர்களே 'போல' என்னும் உருபை நீக்கிவிடுகிறார்கள் என்னும் அவருடைய எச்சரிக்கை இன்றும் பொருந்தும்.

3. எளிய மாதிரிகள் ஈட்டித் தந்தவை

எளிய மாதிரிகளைக் குறைகூறுமுன் அவற்றால் விளைந்த நன்மையை நேர்மையாக ஒத்துக்கொள்வோம். 1943இல் மக்கலக், பிட்ஸ் என்னும் இருவர் நரம்பணுவை மிக எளிய ஒன்றாகக் கருதிக் கணக்கிட்டனர். தன்னை வந்தடையும் தூண்டல்களைக் கூட்டிப் பார்த்து, அக்கூட்டுத்தொகை ஒரு வரம்பைக் கடந்தால் 'ஆம்' என்றும், இல்லையேல் 'இல்லை' என்றும் அது கூறும். உண்மையான நரம்பணு இவ்வளவு எளியதன்று. ஆயினும் இத்தகைய அற்பமான அணுக்கள் பல ஒன்றிணைந்தால் தருக்கமுறையான முடிவுகளை எட்ட முடியும் என்பதை அவர்கள் நிறுவினர்.

1982இல் ஜான் ஹாப்ஃபீல்டு என்னும் இயற்பியலார் அமைத்த நினைவு மாதிரி நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. அதில் நினைவு எந்த ஓர் இடத்திலும் வைக்கப்படுவதில்லை. அணுக்களுக்கிடையே உள்ள இணைப்புகளின் வலிமையில், எல்லா நினைவுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. ஒரு நினைவின் சிறு பகுதியைக் கொடுத்தால், வலைப்பின்னல் தானாகவே முழு நினைவையும் நோக்கிச் சென்று நிலைகொள்ளும். இணைப்புகள் சில பழுதுபட்டால், குறிப்பிட்ட ஒரு நினைவு மட்டும் முழுதாக மறைவதில்லை. எல்லாம் சிறிது சிறிதாக மங்குகின்றன. சபையார் நன்கறிந்த கீர்த்தனையை இதற்கு ஒப்பிடலாம். ஒருவர் முதலடியை எடுத்துக்கொடுத்தால் போதும், மற்றவை தொடர்ந்து வந்துவிடும். பத்துப் பேர் வராத ஞாயிறன்று ஒரு சரணம் காணாமற்போவதில்லை; பாட்டின் ஒலியே சற்று மெலிகிறது. இப்பணிக்காகவும் இதனைச் சார்ந்த பணிகளுக்காகவும் ஹாப்ஃபீல்டும் ஜெஃப்ரி ஹின்டனும் 2024ஆம் ஆண்டில் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இதை முதன்முதலாக நான் படித்தபோது வெட்கமுற்றேன். மிக எளிய ஒரு மாதிரியே என் அருளுரையைக் காட்டிலும் உண்மைக்கு அருகில் இருந்தது. நினைவு கோப்பு அல்ல, மறதி அழிப்பு அல்ல என்று அது அன்றே காட்டியிருந்தது. நான் கணிப்பொறியைப் பழித்துப் பயனில்லை. கணிப்பொறி மாதிரிகளைப் படிக்காமல் கணிப்பொறிப் பெட்டியைப் பார்த்துப் பிரசங்கித்ததே என் குற்றம்.

நம் மாநிலத்திலும் இத்துறை வேரூன்றியுள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஸ்ரீநிவாச சக்கரவர்த்தி, 'டிமிஸ்டிஃபையிங் த பிரெய்ன்' என்னும் ஆங்கில நூலில் மூளையைக் கணிமுறை வழியாகப் பொதுவாசகருக்கு விளக்க முனைந்துள்ளார். மூளையின் மர்மத்தைக் களைதல் என்பது அத்தலைப்பின் பொருள். மர்மம் என்னும் சொல்லைக் கண்டதும் நம்மவருள் சிலர் அஞ்சக்கூடும். ஆனால் மர்மத்தைக் களைவது வேறு, மறைபொருளை மறுப்பது வேறு. அறியாமையால் விளைந்த மருட்சி நீங்குவதால் திருச்சபைக்கு இழப்பு எதுவுமில்லை. வலிப்பு கண்டவனைப் பேய் பிடித்தவன் என்று அடித்த காலத்தை நம் ஊர்களும் கண்டுள்ளன.

4. கால்வாய் வரைபடமும் கசிவு நீரும்

இனி, இம்மாதிரிகள் எங்கே தடுமாறுகின்றன என்று நோக்குவோம். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சிறு புழு ஒன்றின் நரம்பு மண்டலம் 302 நரம்பணுக்களால் ஆனது. கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னரின் குழுவினர் பல்லாண்டுகள் உழைத்து, அவ்வணுக்களின் இணைப்புகள் அனைத்தையும் வரைந்து 1986இல் வெளியிட்டனர். 302 அணுக்களே, வரைபடமும் கையில் இருக்கிறது, எனவே அப்புழுவின் நடத்தை முழுவதையும் கணக்கிட்டுவிடலாம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கடந்தும் அது முழுமையாகக் கைகூடவில்லை. 2023இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் அணுக்களை ஒவ்வொன்றாகத் தூண்டி, குறிப்பு எங்கெங்கே பரவுகிறது என்று அளந்தனர். வரைபடத்தைக் கொண்டு எதிர்பார்த்ததும் உண்மையில் நிகழ்ந்ததும் பல இடங்களில் வேறுபட்டன. அணுக்கள் இணைப்புகளின் வழியாக மட்டுமன்றி, சுற்றிலும் கசிந்து பரவும் வேதிப்பொருள்கள் வழியாகவும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது அதற்கு ஒரு காரணம்.

நாஞ்சில் நாட்டாருக்கு இது எளிதில் விளங்கும். 1906இல் கட்டிமுடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையிலிருந்து நீர் செல்லும் கால்வாய்களையும், அனந்தனாற்றையும், தோவாளைக் கால்வாயையும், அவற்றால் நிரம்பும் குளங்களையும் ஒரு தாளில் வரைந்துவிடலாம். அவ்வரைபடம் பொய்யன்று, அதில்லாமல் பொறியாளர் மதகைத் திறக்க இயலாது. ஆனால் வரைபடத்தில் கால்வாயே இல்லாத ஒரு தோப்பின் கிணற்றில் நீர் ஏறுவதற்குக் காரணம் மண்ணுக்குள் ஊறும் கசிவு. கடைமடை வயலில் கும்பப்பூ காய்வதற்குக் காரணம் மேல்மடைக்காரர் முறை தவறியது. மழையும், மண்ணும், மனிதரின் உடன்பாடும் தகராறும் வரைபடத்தில் இல்லை. கால்வாய்த் திட்டத்தை முற்றும் அறிந்தவனும் நாஞ்சில் நாட்டின் வேளாண்மையை முற்றும் அறிந்தவன் ஆகான்.

கால்வாயில் ஓடும் நீர் ஒருபுறமிருக்க, தனி நரம்பணுவே நாம் எண்ணியதைவிடச் சிக்கலானது. எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலியின் பெருமூளைப் புறணியிலுள்ள நரம்பணு ஒன்றின் விரிவான மாதிரியை எடுத்துக்கொண்டு, அந்த ஒன்றின் செயலை ஒத்துக்காட்டுவதற்கே ஐந்து முதல் எட்டு அடுக்குகள் கொண்ட செயற்கை வலைப்பின்னல் தேவைப்படுவதாக 2021இல் காட்டினர். 1943இன் 'ஆம், இல்லை' எங்கே, இது எங்கே! மனித மூளையிலோ ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. 2025இல் வெளியான ஓர் ஆய்வு, சுண்டெலி மூளையின் ஒரு கன மில்லிமீட்டர் துணுக்கை மட்டும் வரைபடமாக்கியது. அதில் ஏறத்தாழ 84,000 நரம்பணுக்களும் 50 கோடிக்கு மேற்பட்ட இணைப்புகளும் காணப்பட்டன. 2024 டிசம்பரில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலுள்ள மனித மூளையின் 5,132 வெட்டுப்பரப்புகளை அணு அளவில் காட்டும் 'தரணி' என்னும் வரைபடத் தொகுப்பை உலகோர் அனைவருக்கும் திறந்துவைத்தது. அத்தொகுப்புக்குப் பூமியின் பெயரை இட்டது தகும். நிலப்படம் போல இதுவும் ஒரு தொடக்கம்.

அப்படியானால் எளிய மாதிரிகள் பயனற்றவை என்று முடிவுகட்டலாமா? அதுவும் தவறு. 2024இல் பழ ஈயின் மூளை முழுவதும் வரைபடமாக்கப்பட்டது; நரம்பணுக்கள் 1,39,255. அதே வேளையில் மற்றொரு குழுவினர், ஒவ்வோர் அணுவையும் பழைய முறையில் மிக எளியதாகக் கொண்டு, அவ்வரைபடத்தின்மேல் ஒரு மாதிரியை இயக்கினர். இனிப்பைச் சுவைத்த ஈ தன் உறிஞ்சுகுழலை நீட்டுவதற்கு எந்தெந்த அணுக்கள் காரணமாகும் என்று அது கூறியவற்றுள் பெரும்பாலானவை சோதனையில் மெய்யாயின. எளிமை இங்கே தோற்கவில்லை. தன் கேள்விக்கு நன்றாகவே விடை கூறியது.

இதற்கு எதிர்ப்புறத்தில் வேறொரு பாடம் உள்ளது. மனித மூளையைப் பத்தாண்டுகளில் கணிப்பொறியில் உருவாக்கிவிடலாம் என்று ஹென்றி மார்க்ரம் என்னும் அறிஞர் 2009இல் அறிவித்தார். ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் 'மனித மூளைத் திட்டம்' என்னும் பெரும்பணியைத் தொடங்கியது. மறு ஆண்டே நூற்றுக்கணக்கான மூளையியலார் அதன் போக்கை எதிர்த்துத் திறந்த மடல் எழுதினர். ஏறத்தாழ 60 கோடி யூரோ செலவான பின் 2023இல் அது முடிவுற்றது. பயனுள்ள கருவிகளும் வரைபடங்களும் கிடைத்தன. வாக்களிக்கப்பட்ட மூளை கிடைக்கவில்லை. எளிமையை விட்டு எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டால் மூளை கைவசப்பட்டுவிடும் என்பதற்கும் உறுதியில்லை. மூளையளவு சிக்கலான மாதிரி ஒன்று ஒருநாள் செய்யப்பட்டாலும், அது மூளையைப் போலவே நமக்கு விளங்காத மற்றொரு பொருளாக நம்முன் நிற்கும்.

எனவே, 'எளிய மாதிரி மூளையின் சிக்கலை அடக்கிக்கொள்ளுமா?' என்று கேட்பது கேள்வியைத் தவறாக அமைப்பதாகும். மாதிரி என்பது சிலவற்றை விட்டுவிடுவதற்காகவே செய்யப்படுகிறது. எதை அறியும்பொருட்டு இது செய்யப்பட்டது? அதன்பொருட்டு எவற்றை விட்டது? விட்டவை எந்த இடத்தில் திரும்பிவந்து அதைப் பொய்ப்பிக்கும்? இம்மூன்றுக்கும் விடை கூறவல்ல மாதிரி, எத்துணை எளியதாயினும் நேர்மையானது. விடை கூற மறுப்பது எத்துணை விரிவானதாயினும் நம்பத்தக்கதன்று.

5. இறையியலார் செய்யும் இரு பிழைகள்

இவ்வளவையும் அறிந்த பின் நம்மவர் செய்யக்கூடிய பிழைகள் இரண்டு. முதலாவது, நான் செய்தது: அறிவியலின் உவமையைக் கடன்வாங்கி, 'போல' என்னும் உருபை நீக்கி, பீடத்திலிருந்து அதை உண்மையாக அறிவிப்பது. இறைவனின் படைப்பை உயர்த்துவதாக எண்ணிக்கொண்டு, மனிதனைப் பெட்டியாகச் சுருக்கிவிடுகிறோம். மூளையாய்வில் ஈடுபட்டவரும் உறுதியான கிறிஸ்தவருமாகிய டொனால்டு மக்கே, 'இது வெறும் எந்திரமே, வேறொன்றுமில்லை' என்னும் மனப்பாங்கைக் கண்டித்தவர். ஒரு மட்டத்தில் முழுமையான விளக்கம், வேறு மட்டத்து விளக்கத்தை இல்லாமற் செய்துவிடுவதில்லை என்பது அவருடைய நிலைப்பாடு. கீர்த்தனையைக் காற்றின் அதிர்வாக முற்றிலும் அளந்துவிடலாம்; அவ்வளவையில் குறையொன்றும் இராது; ஆயினும் துதியைப் பற்றி அது ஒன்றும் சொல்லியிராது.

இரண்டாவது பிழை இதற்கு நேர்மாறானது. பக்தியின் தோற்றம் உடையதாதலால் மேலும் ஆபத்தானது. "பார்த்தீர்களா, 302 அணுக்கள் கொண்ட புழுவையே அறிவியலால் விளக்க முடியவில்லை, அந்த இடத்தில்தான் ஆத்துமா இருக்கிறது, அங்கேதான் கடவுள் இருக்கிறார்" என்று முழங்குவது அது. இவ்வாறு பேசுவோர் அடுத்த ஆய்வறிக்கை வரும்வரை மட்டுமே கடவுளுக்கு இடமளிக்கிறார்கள். அறிவின் இடைவெளிகளை அடைக்கும் பொருளாகக் கடவுளைப் பயன்படுத்தக்கூடாது என்று 1944இல் சிறையிலிருந்து எழுதிய மடல்களில் போன்ஹோஃபர் எச்சரித்தார். நாம் அறியாதவற்றில் மட்டுமன்று, நாம் அறிந்தவற்றிலும் கடவுளைக் காணவேண்டும் என்பது அவர் கருத்து. மாதிரி தோற்றதால் கடவுள் வென்றார் என்பது நற்செய்தியன்று. மாதிரி வென்றாலும் அவர் ஆண்டவரே.

மேலும், மூளைக்குள் எங்கேயோ ஒளிந்திருக்கும் ஒரு பொருளாக ஆத்துமாவைத் தேடுவது திருமறையின் வழியன்று. ஆதியாகமம் 2:7இன்படி, மண்ணால் உருவாக்கப்பட்டவன் இறைவனின் சுவாசம் பெற்று 'நெஃபேஷ்' ஆனான். அவனுக்குள் ஒரு நெஃபேஷ் வைக்கப்பட்டதாக அங்கே சொல்லப்படவில்லை. மண்ணும் மூச்சும் சேர்ந்த முழு மனிதனே உயிருள்ள ஆத்துமா. ஆகவே நரம்பணுக்களை எண்ணுவதால் ஆத்துமாவுக்கு இடம் குறைந்துவிடுமோ என்று நாம் அஞ்ச வேண்டுவதில்லை.

6. சாயலும் சிலையும்

மாதிரிகளைப் பற்றிய திறனாய்வுக்குத் திருமறையே நமக்கு நல்ல சொற்களைத் தருகிறது. ஆதியாகமம் 1:26இல் மனிதனைக் குறித்து வரும் எபிரேயச் சொற்கள் 'செலெம்', 'தெமூத்' என்னும் இரண்டு. அவற்றுள் செலெம் என்பதே வேறிடங்களில் நொறுக்கப்படவேண்டிய விக்கிரகங்களையும் குறிக்கிறது. எண்ணாகமம் 33:52 அதற்குச் சான்று. உருவம் செய்வது தன்னளவில் குற்றமாயின், இறைவனே முதற்கண் ஓர் உருவைச் செய்திருக்கமாட்டார். ஏசாயா 44இல் தீர்க்கர் கடிந்துகொள்ளும் தச்சனைப் பாருங்கள். ஒரே மரத்தின் பாதியில் குளிர்காய்ந்து அப்பம் சுட்டான், மறுபாதியை வணங்கினான். மரத்தைச் செதுக்கியது அவன் தவறன்று. தானே செதுக்கினான் என்பதை மறந்ததே தவறு.

தெமூத் என்னும் சொல்லோ ஒப்புமையைக் குறிப்பது. இறைமகிமையைத் தரிசித்த எசேக்கியேல் தம் முதலாம் அதிகாரத்தில் இதே சொல்லை மீண்டும் மீண்டும் கையாளுகிறார். தாம் கண்டதை அப்படியே கண்டதாகக் கூறத் துணியாமல், சாயல் என்றும் தோற்றம் என்றும் அடுக்குகிறார். மாதிரி செய்வோர் யாவருக்கும், இறையியலார் உட்பட, எசேக்கியேலின் இத்தயக்கம் இலக்கணமாகத் தக்கது. நாமும் கடவுளைப் பற்றி மாதிரிகளாலேயே பேசுகிறோம்: மேய்ப்பர், அரசர், தந்தை, கன்மலை. ஒவ்வொன்றும் எதையோ காட்டுகிறது, எதையோ விடுகிறது. இயன் பார்பர் 1974இல் வெளியான தம் நூலில் அறிவியல் மாதிரிகளையும் சமய மாதிரிகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது இதனால்தான். ஒரே ஒரு மாதிரியைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை மறந்த திருச்சபை, கடவுளைப் பற்றியும் பொய் சொல்லியிருக்கிறது. நம் வீட்டில் நடந்ததே ஆய்வுக்கூடத்திலும் நடக்கக்கூடும் என்று உணர்ந்தால், அறிவியலாரோடு நாம் தாழ்மையுடன் உரையாட முடியும்.

7. மீண்டும் அவ்வீடு

அந்த மகனுக்கு அன்று கூறாத மறுமொழியை ஒருவாறு இங்கே கூற முயல்கிறேன். உம் தாயின் நினைவுகள் கோப்புகளாக இருக்கவில்லை. ஆகவே அவை கோப்புகளைப் போல அழிக்கப்படவுமில்லை. எளிய மாதிரியே நமக்கு அதைக் கற்பிக்கிறது. ஆனால் அம்மாதிரியும் விட்டுவிட்ட ஒன்றை அவருடைய விரல்கள் காட்டின. ஒரு தொழிலைக் கைகள் நினைவில் வைத்திருக்கும் முறையும், பெயர்களை நினைவில் வைத்திருக்கும் முறையும் மூளையில் வெவ்வேறானவை. பெயர்கள் மங்கிய பின்னும் கைகளின் பழக்கம் நெடுநாள் நிலைத்திருப்பதுண்டு என்பதை மருத்துவர் அறிவர். மகனின் பெயரை இழந்த தாய், மகனைப் படிக்கவைத்த பின்னலை இழக்கவில்லை. கட்டிலில் கிடந்தது வெறும் பெட்டியன்று.

இதைச் சொல்வதோடு நிறுத்தினால், நானும் ஓர் இடைவெளியை மற்றொன்றால் அடைத்தவனாவேன். விரல்களும் ஒருநாள் ஓயும். அப்போது அத்தாயின் மனிதம் எதைப் பற்றி நிற்கும்? ஏசாயா 49:15இல் இறைவன் கேட்கும் கேள்வி, நான் அறிந்தவரை மறதிநோயைப் பற்றிய மிகக் கூரிய திருமறைப் பகுதி. பெற்ற தாய் தன் குழந்தையை மறப்பாளோ என்று கேட்டுவிட்டு, மறக்கவும்கூடும் என்று அவர் ஒத்துக்கொள்கிறார். தாயின் நினைவு தவறாது என்று பொய்யாக ஆறுதல் கூறவில்லை. தாம் மறப்பதில்லை என்று மட்டுமே வாக்களிக்கிறார். நம்மை நாமாக நிலைநிறுத்துவது நம் நினைவாற்றல் அன்று. நம்மை நினைத்திருப்பவரின் உண்மையே. நான் ஜெபித்தது அந்த நினைவில் இன்னும் முழுமையாக வாழும் ஒருவருக்காக. அந்நினைவில் பங்குகொள்ளும்படி, அவர் மறந்ததை அவருக்காக நினைவில் வைத்திருக்கவேண்டிய கடமை சபைக்கும் உண்டு, மகனுக்கும் உண்டு.

இறையியல் மாணவருக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டில் எழுதப்படும் அருளுரைகளில் அணுவும், விண்மீனும், மூளையும் ஏராளமாக இடம்பெறுகின்றன. அவற்றை நீக்கச் சொல்லேன். எழுதி முடித்தபின், 'போல' என்னும் உருபு எங்கெங்கே விடுபட்டுள்ளது என்று ஒருமுறை பார்த்துத் திருத்துங்கள். ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து, நீங்கள் கூறும் உவமையை நோயுற்ற தன் தாயின் கட்டில்வரை கொண்டுசெல்லப்போகும் ஒருவர் இருப்பார். அங்கே அவ்வுவமை என்ன சொல்லும் என்பதை அவருக்கு முன்னரே நீங்கள் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.